ஐவரை இழந்த இசைவாணர்

(திருக்குட நன்னீராட்டுப் பெருவிழாவின் இரண்டாம் நாள் மாலை நிகழ்த்திய சொற்பொழிவு)

   

வேள்விச்சாலையில் மாலைக் கால வழிபாடு நிறைவுற்று, ஓதுவாமூர்த்திகள் பண்ணிசைத்து அமர்ந்திருக்கும் இவ்வேளையில், 'இசையும் இடுக்கணும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். இப்பொருளை எடுத்துக்கொள்வோர் பெரும்பாலும் நாவுக்கரசு சுவாமிகள் வரலாற்றையே விரித்துரைப்பர். அதனை நீங்கள் பலகாலும் கேட்டவர்கள். அதனை என்னினும் இனிமையாகச் சொல்ல வல்லார் நாளை இம்மேடைக்கு வரவும் இருக்கின்றனர். ஆதலின் யான் வேறொரு வழியிற் செல்ல உங்கள் இசைவை வேண்டுகின்றேன். கடல் கடந்த நாட்டினர் ஒருவர், தாமே எழுதிவைத்த தன்வரலாற்று நூல் ஒன்று என் கைக்கு வந்தது. மூன்று முறை படித்தேன். முதன்முறை கதைக்காகவும், இரண்டாம் முறை இசைக்காகவும் படித்தேன். மூன்றாம் முறை எதற்காகப் படித்தேன் என்பது இவ்வுரையின் போக்கில் உங்களுக்கே விளங்கும்.

அவர் பெயர் விளாடிஸ்லாவ் ஷ்பில்மன். போலந்து நாட்டினர், பிறப்பால் யூதர், பியானோ வாசிப்பதில் வல்லவர். போலந்து எங்கே, நம் திருக்கோயில் எங்கே என்று சிலர் எண்ணக்கூடும். அந்நாட்டின் தலைநகராகிய வார்சாவில் யூதக் குடியிற் பிறந்த மாரிஸ் பிரீட்மன் என்னும் பொறியாளர் 1930களில் நம் நாட்டுக்கு வந்து, திருவண்ணாமலையில் இரமண முனிவரின் திருமுன் அமர்ந்து வினா எழுப்பியவர் என்பதை உங்களுட் சிலர் அறிந்திருப்பீர்கள். அண்ணாமலை அடிவாரத்திற்கு வார்சா முற்றிலும் அயலூர் அன்று. பிரீட்மன் அங்கிருந்து வந்துவிட்டார். ஷ்பில்மன் அங்கேயே இருந்தார். அந்நகரிலேயே தங்கிவிட்டவர்களுக்கு நேர்ந்ததைத்தான் அவர் நூல் கூறுகின்றது.

ஷ்பில்மன் 1911ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வயலின் வாசிப்பவர். தாயார் பியானோ அறிந்தவர். ஹென்றிக், ரெஜினா, ஹலினா என்னும் உடன்பிறந்தார் மூவர் அவருக்கு உண்டு. ஆக அறுவர் கொண்ட குடும்பம். வார்சாவிலும், பின்னர் ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினிலும் இசை பயின்று, 1935 முதல் வார்சா வானொலி நிலையத்தில் பணியாற்றினார். தம்மை அழிக்க வந்தவர்களின் நாட்டிலேதான் அவர் தம் கலையைச் செப்பம் செய்துகொண்டார். அவர்களுடைய இசையைப் பிற்காலத்திலும் அவர் வெறுத்ததில்லை.

1939 செப்டம்பர் முதல் நாள் ஜெர்மானியப் படை போலந்தினுட் புகுந்தது. அம்மாதம் 23ஆம் நாள், குண்டுகள் வீழ்ந்து வெடிக்கும் ஓசைக்கு இடையே, ஷ்பில்மன் வானொலியில் ஷோப்பனின் இசையை வாசித்தார். பிரெடெரிக் ஷோப்பன் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த போலந்து நாட்டு இசைமேதை. அவர் இயற்றியவற்றுள் 'இராப்பொழுதுக்கு உரியவை' என்னும் ஒரு வகை உண்டு. நம் பண்களிலும் பகற்பண், இராப்பண் என்னும் பாகுபாடு உண்டன்றோ? அதுபோலவே இரவின் அமைதியை நினைப்பிக்கும் பாடல்கள் அவை. ஷ்பில்மன் வாசித்து முடித்த அந்நாளிலேயே மின்னாற்றல் அற்றுப்போய் வானொலி வாயடைத்தது. அதன்பின் அந்நகரில் ஷோப்பனின் இசையைப் பொதுமேடையில் வாசிப்பதே தடைசெய்யப்பட்டது. ஒரு மக்களை அடிமைப்படுத்த எண்ணியவர்கள் முதலில் அவர்களுடைய பாட்டின்மேற் கை வைத்தனர் என்பதை இங்கு வீற்றிருக்கும் இசையன்பர்கள் கருத வேண்டும்.

1940 நவம்பரில் வார்சா நகரத்து யூதர் அனைவரையும் ஒரு சிறு பகுதிக்குள் ஒடுக்கி, சுற்றிலும் மதில் எழுப்பி வாயில்களை அடைத்துவிட்டனர். நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அந்த மதிலுக்குள் அடைபட்டனர். பசியும் நச்சுக்காய்ச்சலும் நாள்தோறும் உயிர்களை வாரிச் சென்றன. காலையில் தெருவோரத்தில் பிணங்களின்மேற் செய்தித்தாள் போர்த்தி வைத்திருக்கும் காட்சியை ஷ்பில்மன் ஆரவாரமின்றி எழுதுகின்றார். குடும்பத்தைக் காக்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. மதிலுக்குள் இருந்த உணவுச்சாலைகளில் பியானோ வாசித்துக் கூலி பெற்றார்.

அவ்வுணவுச்சாலைகளுள் ஒன்று கள்ளக் கடத்தலாற் பணம் சேர்த்தோர் கூடும் இடம். வெளியே குழந்தைகள் பட்டினியால் மடிய, உள்ளே அவர்கள் உண்டு களித்தனர். ஒருநாள் வாசிப்பின் நடுவே ஒருவர் ஷ்பில்மனைச் சிறிது நேரம் நிறுத்துமாறு கேட்டுக்கொண்டார். காரணம் என்னவென்று நினைக்கின்றீர்கள்? அவர் தங்க டாலர்க் காசுகளை வாங்கிக்கொண்டிருந்தார். அவற்றைச் சலவைக்கல் மேசைமேல் ஒவ்வொன்றாய்ப் போட்டு, அவை எழுப்பும் ஒலியைக் கொண்டு மாற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. பியானோவின் ஓசை அதற்கு இடையூறாயிற்று. ஷ்பில்மன் கைகளை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த அறையில் மக்கள் விரும்பிக் கேட்ட இசை அது ஒன்றே என்னும் பொருள்பட அவர் எழுதுகின்றார். கசப்புடன் எழுதினாரோ சிரிப்புடன் எழுதினாரோ, என்னாற் கண்டுகொள்ள இயலவில்லை.

இனிச் சொல்லவிருப்பது எனக்கு எளிதன்று. 1942 ஜூலை 22ஆம் நாள், மதிலுக்குள் இருந்தோரைத் தொடர்வண்டிகளில் ஏற்றி 'வேலைக்கு' அனுப்புவதாகச் சொல்லித் தொடங்கினர். வண்டிகள் சென்றது வார்சாவுக்கு வடகிழக்கே உள்ள டிரெப்லிங்கா என்னும் இடத்திற்கு. அங்கே வேலை ஒன்றும் இல்லை. நச்சுப் புகையறைகள் இருந்தன. ஏழெட்டு வாரங்களுக்குள் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வழியே சென்று மறைந்தனர்.

ஆகஸ்டு 16ஆம் நாள் ஷ்பில்மன் குடும்பத்தின் முறை வந்தது. ஹென்றிக்கும் ஹலினாவும் உடலுழைப்புக்கு ஏற்றவர்கள் என்று முன்னரே பிரிக்கப்பட்டிருந்தனர். அவர்கள் அன்று தப்பியிருக்கலாம். பெற்றோரும் உடன்பிறந்தாரும் வண்டித்திடலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர் என்று கேட்டதும், அவ்விருவரும் தாமாகவே அத்திடலுக்கு வந்து சேர்ந்துகொண்டனர். அறுவரும் மீண்டும் ஒருங்கிருந்தனர்.

கோடை வெயில். திடலில் ஆயிரக்கணக்கானோர். குடிக்கத் தண்ணீர் இல்லை. அந்தக் கூட்டத்திலும் ஒரு சிறுவன் மிட்டாய் விற்றுக்கொண்டு வந்தான். நம்ப முடியாத விலை. அவரவர் கையில் எஞ்சிய காசையெல்லாம் சேர்த்து, தந்தையார் பாலும் சர்க்கரையும் சேர்த்த மிட்டாய் ஒன்றை வாங்கினார். ஒன்றே ஒன்று. அதன் விலை இருபது சுலோட்டி. அந்நாட்டுப் பணம் அது. தம் பேனாக்கத்தியால் அதனை ஆறு கூறாக அறுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். அவர்கள் ஒன்றாயிருந்து உண்ட கடைசி உணவு அதுவே.

தாய்மார்களே, உங்கள் வீட்டில் ஒரு பண்டத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிடும்போது யாருக்கும் குறையாமல், ஒருவர் பங்கு மற்றவர் பங்கிற் பெரிதாகாமல் எத்துணைக் கருத்தோடு பங்கிடுவீர்கள் என்பதை யான் அறிவேன். சாவின் வாயிலில் நின்றுகொண்டும் அந்தத் தந்தை அதையேதான் செய்தார். யான் இந்நூலை முதன்முறை படித்தபோது இவ்விடத்தில் மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் எடுத்தேன்.

வண்டிக்குச் செல்லும் வழியில் காவலர் இரு மருங்கும் அணிவகுத்து நின்றனர். குடும்பத்தினர் முன்னே செல்ல, ஷ்பில்மன் சற்றுப் பின்னே வந்தார். திடீரென ஒரு கை அவர் கழுத்துப்பட்டையைப் பற்றி இழுத்து, காவல் வரிசைக்கு வெளியே தள்ளியது. அவரை அடையாளம் கண்டுகொண்ட யூதக் காவலர் ஒருவரின் கை அது. என்ன நடந்தது என்று உணர்ந்ததும் அவர் உள்ளே திரும்பப் பாய்ந்தார். வரிசை திறக்கவில்லை. காவலர் தோள்களுக்கு இடையே 'அப்பா' என்று கதறினார். தந்தையார் திரும்பினார். மகன் வெளியே நிற்கக் கண்டார். முகம் வெளிற, உதடு துடிக்க, புன்னகைக்க முயன்று, கையை உயர்த்தி அசைத்து விடைகொடுத்தார். பின்னர் வண்டியை நோக்கி நடந்தார். மகன் தப்பினான் என்று அந்தத் தந்தை அறிந்துகொண்டார். அதனை அறிந்துகொண்டே வண்டி ஏறினார்.

இத்தகைய துன்பத்தைக் கேட்டவுடன், 'எல்லாம் அவரவர் வினைப்பயன்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோர் நம்முள் உளர். மடத்துத் தமிழ்க் கல்லூரியில் மெய்கண்ட நூல்களைக் கற்றவன் என்னும் உரிமையால் சொல்கின்றேன், அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தன் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளவும் தன்னைத் திருத்திக்கொள்ளவும் நம் பெரியோர் வினைக் கொள்கையை வகுத்துத் தந்தனர். அயலான் துன்பத்தை அளக்கும் படியாக அதனைத் தரவில்லை. இரண்டு வயதுக் குழந்தையை நச்சறைக்கு அனுப்பியவனுடைய பாவத்தை அக்குழந்தையின் கணக்கில் எழுத எந்தச் சாத்திரமும் நமக்குச் சொல்லவில்லை. எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவர், இத்தகைய வினாக்கள் எழும்போது நூலை மூடிவிட்டு, "இங்கே அழுவதுதான் முறை" என்பார்.

ஷ்பில்மனுக்கு அழவும் நேரம் இருக்கவில்லை. எஞ்சியோருள் ஒருவராய்க் கட்டட வேலைக்கு அனுப்பப்பட்டார். பியானோவன்றிப் பிறிதொன்றையும் தூக்கியறியாத கைகள் செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்தன. குளிர்காலத்தில் பனி கடித்து விரல்கள் அழுகிப்போகுமோ என்பதே அவருக்குப் பேரச்சமாயிருந்தது. உயிருக்கே உறுதியில்லாத ஒருவர் விரலுக்கு அஞ்சினார் என்பது வியப்பாகத் தோன்றலாம். நம் நாகசுரக் கலைஞர்களையும் வீணைக் கலைஞர்களையும் கேட்டுப் பாருங்கள், அவர்கள் வியக்கமாட்டார்கள்.

வேலைக்கு வெளியே செல்வோர் மூட்டைகளில் ஒளித்துக் கொண்டுவந்த படைக்கலங்களை மதிலுக்குள் சேர்க்கும் பணியில் அவரும் பங்குகொண்டார். 1943 பிப்ரவரி 13ஆம் நாள் மாலை வேலையாட்களோடு கலந்து மதிலைக் கடந்தார். அதன்பின் ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஒளிவாழ்க்கை. வானொலியில் உடன் பணியாற்றிய நண்பர்கள், நடிகர், பாடகியார், இசைக்குழு நடத்துநர் எனப் பலரும் அவரை வீடு மாற்றி வீடு ஒளித்துவைத்தனர். யூதர் ஒருவருக்கு உணவளித்தாலும் கொலைத் தண்டனை என்பது அந்நாளைய சட்டம். அதனை அறிந்தே அவர்கள் சோறிட்டனர்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. ஷ்பில்மனுக்கு உணவு கொண்டுவரும் பொறுப்பை ஏற்ற ஒருவன், அவர் பெயரைச் சொல்லி நகரத்து இசையன்பர்களிடம் தாராளமாகப் பணம் திரட்டினான்; திரட்டியதைத் தானே வைத்துக்கொண்டு அவரைப் பட்டினியிலும் மஞ்சட்காமாலையிலும் விட்டுவிட்டான். கொடுத்தவர்கள் தாம் அளித்தது சென்று சேர்ந்ததென்று நம்பியிருந்தனர். திருப்பணிக் குழுவினர் வரவு செலவுக் கணக்கை இம்மலரிலேயே அச்சிட்டிருப்பதை யான் ஏன் மனமாரப் பாராட்டுகின்றேன் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

பூட்டிய அறையில் நாள் முழுதும் தனிமை. இருமினாலும் அண்டை வீட்டாருக்குக் கேட்கும். நடந்தாலும் கேட்கும். அந்த இருப்பில் அவர் என்ன செய்தார்? இதுதான் என்னை மூன்றாம் முறை அந்நூலுக்குக் கொண்டுசென்றது. தாம் அதுகாறும் வாசித்த இசைப்பாடல்கள் அனைத்தையும் முதலிலிருந்து முடிவுவரை, அடி அடியாக, ஓர் ஒலியும் எழாமல் மனத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தார். ஒரு நாளைக்கு இத்தனை என்று வரையறுத்துக்கொண்டார். படித்த நூல்களையும் வரிசையாக நினைவிற் கொண்டுவந்தார். ஆங்கிலச் சொற்களைத் தமக்குத் தாமே வினாவி விடைசொல்லிப் பயின்றார். போர் முடிந்தபின் இந்த மனப்பயிற்சி தமக்குப் பெரிதும் உதவியதாகவும், தம் இசைச் செல்வம் ஏறக்குறையச் சிதையாமல் மீண்டதாகவும் கூறுகின்றார்.

மடத்தில் நாங்கள் பயின்ற காலத்தில் விடியற்காலையில் திருமுறைகளை நெட்டுருச் செய்வோம். கைவிளக்கும் ஏடும் இன்றி இருளில் அமர்ந்து சொல்லிப் பார்க்க வேண்டும். 'ஏடு கிழியும், நெஞ்சு கிழியாது' என்பார் எங்களுக்கு ஓதுவித்தவர். சிறுவயதில் அது சுமையாயிருந்தது. மேலைநாட்டு இசையோ பெரும்பாலும் எழுதிவைத்த தாளைக் கொண்டு நடப்பது. அப்படிப்பட்ட மரபில் வந்த ஒருவர், தாளும் இசைக்கருவியும் இன்றி, ஓதுவார் ஒருவர் செய்வதுபோல இசையை நெஞ்சிலே ஏற்றிக் காத்தார்.

தாய்தந்தையரை இழந்து, மணம் பேசிய தலைவரையும் போர்க்களத்தில் இழந்து, உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பியார் பொருட்டு உயிர் தாங்கி நின்றார் என்று சேக்கிழார் பெருமான் காட்டுவார். ஒருவருக்காக உயிர் தாங்குவது அரிதெனினும் அதற்கு ஒரு பற்றுக்கோடு உண்டு. ஷ்பில்மனுக்கு அப்படி எவரும் எஞ்சவில்லை. ஒளிந்திருந்த கட்டடம் தீப்பற்றிய நாளில் அவரும் உயிர்விடத் துணிந்தார். ஆயினும் பிழைத்து விழித்தார். விழித்தபோது தமக்கு ஏமாற்றம் தோன்றவில்லை, மகிழ்ச்சியே தோன்றியது என்று வெட்கமின்றி எழுதுகின்றார். தம்மை நம்பி எவரும் இல்லாத நிலையில், தம்மிடத்தே அடைக்கலமாய் இருந்த இசையொன்றையே அவர் காத்துக்கொண்டிருந்தார் என்று யான் கொள்கின்றேன். அவர் தம் வாயால் அவ்வாறு சொல்லவில்லை. சொல்லக்கூடியவரும் அல்லர்.

1944 ஆகஸ்டில் வார்சா மக்கள் கிளர்ந்தெழுந்தனர். இரு மாதங்களில் அக்கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. எஞ்சிய மக்கள் அனைவரையும் வெளியேற்றிவிட்டு, ஜெர்மானியர் தெருத்தெருவாக நகரைக் கொளுத்தினர். அந்தச் சாம்பற் காட்டில் ஷ்பில்மன் தனியராய் எஞ்சினார். குளியல் தொட்டியில் தேங்கிய அழுக்கு நீரும், காய்ந்துபோன ரொட்டித் துண்டுகளும் உணவு. தம்மைத் தனித்தீவில் ஒதுங்கிய ராபின்சன் குருசோவுடன் ஒப்பிட்டு, அவனுக்கேனும் மனிதர் வருவார் என்னும் ஆவல் இருந்தது, தமக்கோ மனிதர் வந்துவிடக்கூடாதே என்னும் அச்சம் இருந்தது என்று கூறுகின்றார்.

ஒருநாள் மனிதர் வந்தே விட்டார். 1944 நவம்பர் மாதம். பாழடைந்த மாளிகையின் சமையலறையில் உணவு தேடிக்கொண்டிருந்த ஷ்பில்மனின் பின்னால் ஜெர்மானியப் படையதிகாரி ஒருவர் நின்றார். இனித் தப்ப வழியில்லை என்று இவர் அமர்ந்துவிட்டார். என்ன தொழில் என்று அதிகாரி வினவினார். பியானோ வாசிப்பவன் என்று விடை வந்தது. அதிகாரி அடுத்த அறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு பியானோ இருந்தது. வாசிக்குமாறு கைகாட்டினார்.

இரண்டரை ஆண்டுகள் பழக்கமற்ற விரல்கள், அழுக்கேறி விறைத்தவை. நகங்கள் வெட்டப்படாமல் வளர்ந்திருந்தன. சன்னற் கண்ணாடிகள் உடைந்துபோன அறையில் ஈரத்தால் ஊறிப்போன இசைக்கருவி. ஷோப்பனின் இராப்பொழுதுப் பாடல் ஒன்றை அவர் வாசித்தார். நெஞ்சில் நாள்தோறும் ஓட்டிப் பார்த்தது கைகளில் வந்து இறங்கியது. வாசித்து முடிந்தபின் அந்தப் பாழ்நகரின் அமைதி முன்னினும் பெரிதாயிற்று.

அதிகாரியின் பெயர் வில்ம் ஹோசன்பெல்ட். போருக்கு முன் சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியராய் இருந்தவர். கத்தோலிக்க நெறியில் நின்றவர். தம் நாட்டார் செய்யும் கொடுமைகளை நாட்குறிப்பில் எழுதி மனம் வெதும்பியவர். அம்மாளிகை விரைவில் படைத்தலைமையிடம் ஆகவிருந்தது. அதன் மேற்கூரையின்கீழ் ஒரு சிறு பரண் இருப்பதை அவரே கண்டு காட்டி, ஏணியை மேலே இழுத்துக்கொள்ளச் சொன்னார். மறைவாக ரொட்டியும் பழப்பாகும் கொண்டுவந்து தந்தார். குளிருக்குத் தம் மேலங்கியையும் கொடுத்தார். கீழே பகைவர் நடமாட, மேலே பரணில் ஷ்பில்மன் உயிர் பிழைத்தார். டிசம்பர் 12ஆம் நாள் அதிகாரி கடைசியாக வந்து விடைபெற்றார். ஷ்பில்மன் அவர் பெயரைக் கேட்கவில்லை. பிடிபட்டு வதைக்கப்பட்டால் அப்பெயர் தம் வாயினின்று வந்துவிடும் என்று அஞ்சினார். தம் பெயரை மட்டும் சொல்லி, போலந்து வானொலியிற் கேட்டால் தம்மை அறியலாம் என்றார்.

1945 ஜனவரி 17ஆம் நாள் நகரம் விடுதலை பெற்றது. ஜெர்மானிய மேலங்கியோடு தெருவுக்கு வந்த ஷ்பில்மனைப் பகைவன் என்று கருதி விடுவித்தவர்களே சுட்டனர். 'நான் போலந்துக்காரன்' என்று கத்திப் பிழைத்தார். உயிர் காத்த அங்கியே உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

போர் முடிந்து சில மாதங்களில், இசைக்கலைஞர் ஒருவர் சாலையோரத்துச் சிறைமுகாம் ஒன்றைக் கடந்து சென்றார். முள்வேலிக்குள் இருந்த ஜெர்மானிய அதிகாரி ஒருவர் அவரிடம் விரைந்து வந்து, "போலந்து வானொலியின் ஷ்பில்மனைத் தெரியுமா? நான் அவருக்கு உதவியவன். அவர் வந்து என்னை மீட்கட்டும்" என்ற பொருளில் வேண்டினார். பெயர் சொல்வதற்குள் காவலர் அவரை இழுத்துச் சென்றுவிட்டனர். செய்தி கேட்டு ஷ்பில்மன் தேடிச் சென்றபோது முகாமே அவ்விடத்தில் இல்லை. ஆண்டுகள் கழித்தே பெயர் தெரியவந்தது. அரசினரிடம் மன்றாடினார், பயனில்லை. ஹோசன்பெல்ட் 1952இல் சோவியத் சிறையில் உயிர்நீத்தார். தமக்கு நேர்ந்த எல்லாக் கொடுமையையும் நிதானமாய்ச் சொன்ன ஷ்பில்மனுக்கு, இந்த ஒரு கடன் தீராமற் போனது வாழ்நாள் முழுதும் உறுத்தியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஹோசன்பெல்ட்டை அறவோருள் ஒருவராக இஸ்ரேல் நாட்டு நினைவு நிலையம் ஏற்றது 2008ஆம் ஆண்டில். அப்போது இருவருமே உயிரோடில்லை.

வார்சாவின் பழைய நகரைப் பின்னர் மக்கள் கல் கல்லாய் மீண்டும் எழுப்பினர். 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களையும் பழைய வரைபடங்களையும் வைத்துக்கொண்டு, முன்பு இருந்தவாறே கட்டினர். சிதைந்த விமானத்தைப் பழைய அளவு பிறழாமல் புதுக்கியிருக்கும் நம் தபதியாருக்கு அவ்வேலையின் அருமை தெரியும். வானொலியும் மீண்டது. 1939இல் இறுதியாக வாசித்த அதே ஷோப்பன் பாடலையே ஷ்பில்மன் மீண்டும் அங்கு முதலில் வாசித்தார். பல்லாண்டுகள் அங்கு இசைப் பிரிவின் தலைவராய் இருந்தார். மக்கள் முணுமுணுக்கும் மெல்லிசைப் பாடல்கள் நூற்றுக்கணக்கில் இயற்றினார். அவருடைய மெல்லிசைப் பாடல்களிலே துயரம் மிகுதியும் இல்லை. இதனை அறிந்தபோது எனக்குச் சற்று வியப்பாகவே இருந்தது.

நூல் 1946இல் வெளிவந்தது. காயம் ஆறுமுன் எழுதியது. ஆயினும் ஒப்பாரி இல்லை, சாபம் இல்லை. கண்டதைக் கண்டபடி சொல்லும் நடை. நல்ல ஜெர்மானியர் ஒருவர் இருந்தார் என்பதை அக்காலத்து ஆட்சியாளர் விரும்பாமையால், அவரை ஆஸ்திரியர் என்று மாற்றி எழுத நேர்ந்தது. நூல் விரைவிலேயே கிடைப்பதரிதாயிற்று. 1998இல் ஜெர்மன் மொழியிலும், அடுத்த ஆண்டில் ஆங்கிலத்திலும் வந்த பின்னரே உலகம் அதனை அறிந்தது. 2002இல் வந்த திரைப்படத்தை உங்கள் வீட்டு இளைஞர்கள் பார்த்திருக்கக்கூடும். அதற்கு முன்னரே, 2000ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், தம் 88ஆம் அகவையில் ஷ்பில்மன் வார்சாவிலேயே காலமானார்.

நம்மவருள் இறந்தார்க்கு நாள் அறிந்து திதி கொடுப்போம். நாள் அறியாதார்க்கு மாளய அமாவாசை உண்டு. டிரெப்லிங்காவுக்குச் சென்ற ஐவருக்கும் நாளும் அறியப்படவில்லை, கல்லறையும் இல்லை. ஷ்பில்மன் மீண்டும் இல்லறம் ஏற்று, இரு ஆண்மக்களைப் பெற்று வளர்த்தார். அவர்களிடம் தம் பெற்றோரைப்பற்றியோ உடன்பிறந்தாரைப்பற்றியோ அவர் பேசியதே இல்லை. உலகத்தார் படிக்க எழுதிவைத்ததைத் தம் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்ல அவரால் இயலவில்லை. மகன்களுள் ஒருவர் பன்னிரண்டு வயதில் வீட்டு நூலடுக்கின் மூலையிலிருந்து அப்பழைய புத்தகத்தைத் தந்தை அறியாமல் எடுத்துப் படித்தார். தமக்கு ஏன் தந்தைவழிப் பாட்டன் பாட்டியர் இல்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டார். பின்னாளில் அந்நூலை மீண்டும் அச்சேற்ற முன்னின்றவர்களுள் அம்மகனாரும் ஒருவர்.

அடுத்த கால வழிபாட்டுக்கு மணி ஒலிக்கின்றது.